உங்க வீட்டு கார்பன் கணக்கை சிலிண்டர்ல போட்டுப் பாருங்க: பொள்ளாச்சிக் குடும்பத்துக்கு ஒரு நோட்டுக் கணக்கு

நம்ம சேனல்ல வரவு செலவு நோட்டு எழுதறது எப்படின்னு பலமுறை பேசியிருக்கோம். இன்னிக்கு அதே நோட்டுல கூட ஒரு காலம் சேர்க்கப் போறோம். ரூபாய்க்குப் பக்கத்துல கிலோ. அதாவது, நம்ம வீடு வருசத்துக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிய விடுதுங்கற கணக்கு.

"இது எதுக்குங்க, நம்ம சேனலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"னு தோணலாம். ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, வீட்டுல கார்பன் அதிகமா போற இடமும் காசு அதிகமா போற இடமும் பெரும்பாலும் ஒண்ணுதான். பெரும்பாலும்னுதான் சொல்றேன், எப்பவும் இல்ல. அந்த ஒத்துவராத இடங்கள்ல தான் சுவாரசியமே இருக்கு. ரெண்டாவது, தோப்பு வச்சிருக்கறவங்ககிட்ட "கார்பன் கிரெடிட் வாங்கித் தர்றோம்"னு பேசறவங்க வர்ற காலம் இது. கணக்கு தெரியாம கையெழுத்துப் போட்டா மாட்டிக்குவோம். அதைக் கடைசியில பார்ப்போம்.

கிலோன்னு சொன்னா மனசுல எதுவும் நிக்காது. அதனால நான் ஒரு அளவுகோல் வச்சிருக்கேன்: வீட்டு கேஸ் சிலிண்டர். 14.2 கிலோ எல்பிஜி எரிஞ்சா, கிலோவுக்கு 2.98 கிலோ வீதம் ஏறத்தாழ 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். எரிச்ச பொருளை விட புகை எப்படி அதிக எடை ஆகும்னு கேட்டா, காத்துல இருக்கற ஆக்சிஜன் அதோட சேருதுங்க, அந்த எடைதான். இனிமே எல்லாத்தையும் "எத்தனை சிலிண்டர்"னு பார்த்துக்கலாம்.

முதல்ல கரண்ட்

ஈபி கார்டையோ, போன்ல வந்த பில் மெசேஜையோ எடுத்துக்கோங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங், வருசத்துக்கு ஆறு. ஆறையும் கூட்டுங்க. ஒரு மாசத்தை வச்சு ஆறால பெருக்காதீங்க. சித்திரை வெயில்ல ஓடற ஏசியும் மார்கழியில ஓடற கீசரும் ஒண்ணு கிடையாது.

வந்த யூனிட்டை 0.72-ஆல பெருக்குங்க. மத்திய மின்சார ஆணையம் நாடு முழுக்க ஒரே மின்கட்டமைப்பா எடுத்துக்கிட்டு, யூனிட்டுக்கு எத்தனை கிலோன்னு வருசாவருசம் வெளியிடறாங்க. சமீப வருசங்கள்ல அது 0.71, 0.73-ன்னு அந்தப் பக்கம் தான் நிக்குது. அப்படிப் பார்த்தா 59 யூனிட் ஒரு சிலிண்டர்.

இங்க நம்ம ஊர்க்காரங்க ஒரு நியாயமான கேள்வி கேப்பாங்க. "உடுமலை ரோட்டுல போனா கண்ணுக்கு எட்டுன தூரம் காத்தாடி சுத்துது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல தயாராகற கரண்ட் தானே நம்ம வீட்டுக்கு வருது, அப்புறம் எதுக்கு நிலக்கரிக் கணக்கு?" வீட்டு வயர்ல வர்ற கரண்ட்டுக்கு ஊர்ப்பேரு கிடையாதுங்க. 2013 டிசம்பர் 31-ல தென்னிந்திய மின்கட்டமைப்பு ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியா மத்த பகுதிகளோட சேர்ந்துச்சு. அன்னியில இருந்து நாடே ஒரே குளம். ஆடிக் காத்துல நம்ம பக்கம் தண்ணி ஊத்தறோம், எல்லாரும் சேர்ந்து மொண்டுக்கறோம். அதனால குளத்தோட சராசரிதான் சரியான கணக்கு.

ஒரு மாதிரிக் குடும்பம் எடுத்துக்குவோம். பொள்ளாச்சி டவுன், நாலு பேரு, ரெண்டு மாசத்துக்குச் சராசரி 420 யூனிட். வருசத்துக்கு 2,520 யூனிட், 1,814 கிலோ. 43 சிலிண்டர். இந்த வீட்டுல வருசத்துக்கு நிஜமாவே வாங்கற சிலிண்டர் 9 தான்! அடுப்படியில கேஸ் மிச்சம் பண்றோம்னு குக்கர் மூடியைப் பார்த்துப் பார்த்து மூடறோம். அதை விட அஞ்சு மடங்கு சுவத்துல இருக்கற ஸ்விட்ச் வழியா போகுது.

இப்ப ரூபாய்க்கு வருவோம். 2016 மே மாசத்துல இருந்து வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு மானியம் போக 2 ரூபா 35 காசு. ஆனா மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிட்டா அந்தச் சலுகை விலை போயிடும், அந்த 100 யூனிட்டுக்கும் முழு ரேட் விழும். அதாவது 501-வது யூனிட் ஒண்ணே ஒண்ணு, பில்லுல இருநூறு ரூபாய்க்கு மேல ஏத்தி விடும். கார்பன்ல அந்த யூனிட் முக்கால் கிலோ கூடக் கிடையாது. பில் தாவித் தாவி ஏறும், கார்பன் நேர்கோட்டுல ஏறும். இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க.

அந்த வீட்டுல கோடையில ராத்திரி 8 மணி நேரம் ஒரு ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஏசி ஓடினா, ஒரு ராத்திரிக்கு 7 யூனிட்னு வச்சுக்கலாம். ரெண்டு மாசத்துல 420 யூனிட். அதாவது வீடு மொத்தத்துக்கும் ஆன அளவு இன்னொரு தடவை. கார்பன் ரெண்டு மடங்கு தான் ஆகும், 7 சிலிண்டர் கூடும். பில்லு? 1,300 ரூபா பக்கம் இருந்தது 5,000 ரூபாய்க்கு மேல போயிடும். ஸ்லாப் செய்யற வேலை அது. ஒரு டிகிரி கூட்டி வச்சா சுமார் 6 சதவீதம் மிச்சமாகும்னு எரிசக்தித் திறன் செயலகம் சொல்லுது. 22-ல போர்வை போத்தித் தூங்கறதுக்கு 26-ல ஃபேனோட தூங்கலாம்.

ஃபேன்னு சொன்னதும் ஞாபகம் வருது. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் சுத்தினா ஃபேனுக்கு ரெண்டு மாசத்துல 32 யூனிட் குறையும். நாலு ஃபேன் மாத்தினா கிட்டத்தட்ட 130 யூனிட். நம்ம மாதிரிக் குடும்பத்துக்கு வருசம் 3,800 ரூபா மிச்சம், 13 சிலிண்டர் மிச்சம். ஃபேன் 3,000 ரூபான்னு வச்சா மூணு வருசத்துல போட்ட காசு வந்துடும். எந்த எஃப்டி இதைக் கொடுக்கும் சொல்லுங்க!

ஏசி கேஸ்: யாரும் எழுதாத கணக்கு

கரண்ட் பில்லுல வராத ஒரு விசயம் ஏசிக்குள்ள இருக்கற கேஸ். இதை நாம எரிக்கறதில்ல, ஆனா கசிஞ்சு வெளிய போனா கார்பன் டை ஆக்சைடை விடப் பல நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு சூடு பிடிச்சு வைக்கும். ஆர் 410ஏ-ன்னு போட்டிருந்தா 2,088 மடங்கு. பழைய ஆர் 22 ஏசின்னா 1,810 மடங்கு. இப்ப வர்ற ஆர் 32-ன்னா 675 மடங்கு.

ஒரு கிலோ ஆர் 410ஏ கசிஞ்சு போச்சுன்னா 49 சிலிண்டர் எரிச்சதுக்குச் சமம். ஒரே கசிவுல! "கேஸ் இறங்கிடுச்சு, ஏத்தித் தர்றேன்"னு மெக்கானிக் சொன்னா, முதல்ல எங்க கசியுதுன்னு பார்த்து அடைக்கச் சொல்லுங்க. கசிவை அடைக்காம வருசாவருசம் கேஸ் ஏத்தறது ஓட்டை டேங்குக்குத் தண்ணி விடற கதை. ஏசியை இடம் மாத்தும்போதும் கேஸைக் காத்துல திறந்து விடாம வெளி யூனிட்டுக்குள்ள இழுத்துப் பூட்டச் சொல்லிக் கேளுங்க. அது அவங்களுக்கும் தெரிஞ்ச வேலைதான்.

வண்டி

பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் 2.7 கிலோ. 18 லிட்டர் பெட்ரோல் ஒரு சிலிண்டர். இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்குது, அதைக் கழிச்சா இன்னும் குறைவு வரும். கரும்பு விளைய வைக்கவும் ஆலை ஓட்டவும் ஆகற கார்பனும் இருக்கறதால நான் கழிக்கறதில்ல. மேல நிக்கற கணக்கு பத்திரமான கணக்கு.

மாதிரிக் குடும்பத்துல ரெண்டு டூ வீலருக்கு மாசம் 18 லிட்டர், காருக்கு 20 லிட்டர். வருசத்துக்கு 456 லிட்டர், 1,049 கிலோ, 25 சிலிண்டர்.

பொள்ளாச்சியில இருந்து கோயம்புத்தூர் போக வர 80 கிலோமீட்டர். கார்ல தனியா போனா 12 கிலோ. அதே கார்ல நாலு பேரு போனா ஆளுக்கு 3 கிலோ, அது டூ வீலரை விடக் குறைவு. பஸ்ஸுல ஆளுக்கு ஒண்ணேகால் கிலோ பக்கம் தான். காரைத் திட்டறது நோக்கம் இல்ல, காலி சீட்டு தான் பிரச்சனை.

ஆக, கரண்ட் 1,814, கேஸ் 381, வண்டி 1,049. மொத்தம் 3,244 கிலோ, 77 சிலிண்டர். நாலு பேருக்கு வகுத்தா ஆளுக்கு 811 கிலோ. இந்தியாவுல தலைக்கு வருசம் சுமார் 2 டன்னு சொல்றாங்களே, அதை விடக் கம்மியா இருக்கேன்னு சந்தோசப்பட வேண்டாம். அந்த 2 டன்ல சிமெண்ட் ஆலை, இரும்பு ஆலை எல்லாம் அடங்கும். நம்ம வீடு கட்டின சிமெண்ட்டும் அதுல ஒரு ஓரத்துல இருக்கு.

நகை வாங்கற பழக்கம் உள்ள ஊரு நம்மளுது, அதனால இதையும் சொல்லிடறேன். சுரங்கத்துல இருந்து புதுசா வெட்டி எடுக்கற தங்கத்துக்குக் கிலோவுக்கு 30 டன்னுக்கு மேல கார்பன் ஆகுது. ஒரு பவுனுக்கு 250 கிலோ, 6 சிலிண்டர். பழைய நகையை உருக்கிச் செஞ்சா இதுல ரொம்பச் சின்ன பங்குதான்.

பில் வராத கரண்ட்

இப்ப டவுனை விட்டு வெளிய போவோம். ஆனைமலை, கோட்டூர், கிணத்துக்கடவு பக்கம் தோப்பு இருக்கற வீடு. இங்க வரவு செலவு நோட்டை வச்சு கார்பன் கணக்குப் போட்டா பெரிய ஓட்டை விழும். ஏன்னா விவசாய மோட்டாருக்கு கரண்ட் இலவசம். செலவுப் பக்கத்துல சைபர். கார்பன் பக்கத்துல?

5 எச்பி மோட்டார் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் நாலரை யூனிட் இழுக்கும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம், வருசத்துல 180 நாள் ஓடினா 4,050 யூனிட். 2,900 கிலோ. 69 சிலிண்டர். அந்த டவுன் குடும்பத்தோட கரண்ட், கேஸ், வண்டி எல்லாம் சேர்த்து 77 தானே? இங்க மோட்டார் ஒண்ணே அதுக்குப் பக்கத்துல வந்துடுச்சு. போர் ஆழம் கூடக் கூட பெரிய மோட்டார், அதிக நேரம்.

இலவசத்தைக் குறை சொல்ல வரலைங்க. தேங்காய் விலை ஏறி இறங்கற லட்சணத்துக்கு விவசாயிக்கு அது ஒரு ஊன்றுகோல். ஆனா கணக்குல சேர்க்காம இருக்க முடியாது. சொட்டு நீர் போட்டா மோட்டார் நேரம் குறையும், தண்ணி மட்டமும் தாங்கும். பில் குறையாது, ஏன்னா பில்லே இல்ல. ஆனா மோட்டார் காயில் கட்டற செலவு, கோடையில தண்ணி லாரிக்குக் கொடுக்கற காசு எல்லாம் குறையும். அந்தச் செலவை நோட்டுல "மோட்டார்"னு தனியா எழுதிப் பாருங்க, வருசக் கடைசியில தெரியும்.

யூரியாவும் இப்படித்தான். மானியத்துல வர்றதால மூட்டை விலை கண்ணை உறுத்தாது. ஆனா 45 கிலோ மூட்டை ஒண்ணு மண்ணுல விழுந்தா, அதுல ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடா காத்துல போறதையும் சேர்த்து ஏறத்தாழ 120 கிலோ ஆகும். மூணு சிலிண்டர். இதுல ஃபேக்டரிக் கணக்கு சேரல.

கறவை மாடு ஒண்ணு வருசத்துக்கு ஏறத்தாழ 58 கிலோ மீத்தேன் விடும், அது 1.6 டன்னுக்குச் சமம். கேட்டா பயமா இருக்கும். ஆனா அந்தப் பாலை சொசைட்டிக்கு ஊத்தறோம், யாரோ குடிக்கறாங்க. வீட்டுக்கு எடுத்துக்கற பங்கு மட்டும் நம்ம கணக்கு. பத்து லிட்டர் கறந்து ஒரு லிட்டர் வச்சுக்கிட்டா பத்துல ஒரு பங்கு. சாணத்துக்கு 2 கனமீட்டர் சாண எரிவாயுக் கலன் கட்டினா மூணு நாலு மாட்டுச் சாணத்துலயே அடுப்படி சிலிண்டரை அனேகமா நிறுத்திடலாம். தினமும் சாணம் கரைக்க ஆள் இருக்கணும், அது தான் கண்டிஷன்.

மட்டையும் தொட்டியும் எரிச்சு வெந்நீர் வைக்கற வீட்டுக்கு ஒரு சலுகை உண்டு. மட்டை எரிஞ்சு வர்ற கார்பன், மரம் போன வருசம் காத்துல இருந்து எடுத்தது தான். அதனால கணக்குல சைபர். ஆனா புகை சைபர் இல்ல, அடுப்புப் பக்கத்துல நிக்கறவங்க நுரையீரல் அதுக்குக் கணக்கு வச்சிருக்கும். கூரைக்கு வெளிய, நல்ல புகைக்குழாயோட வைங்க. அதே வெந்நீரைக் கீசர்ல வச்சா நாலு பேருக்கு நாளைக்கு 2 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட். அரசாங்கம் கொடுக்கற இலவச 100 யூனிட்டும் குளியல் ரூமுக்கே போயிடுச்சுன்னு அர்த்தம்.

சோலார் போடலாமா?

2024 பிப்ரவரியில வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் 78,000 ரூபா மானியம். 1 கிலோவாட் நாளைக்கு 4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 240 யூனிட் கொடுக்கும்னு எடுத்துக்கலாம்.

நம்ம 420 யூனிட் குடும்பத்துக்கு 1 கிலோவாட் போட்டா மீதி 180 யூனிட், பில்லு இருநூறு ரூபாய்க்குள்ள வந்துடும். வருசம் சுமார் 6,700 மிச்சம். 70,000 ஆகுதுன்னு வச்சு மானியத்தைக் கழிச்சா 40,000. ஆறு வருசத்துல காசு வந்துடும். "எதுக்கு ஒண்ணு, ரெண்டே போட்டுடலாம்"னு கடைக்காரர் சொல்லுவார். 1,30,000-ல மானியம் போக 70,000. கூடப் போட்ட 30,000-க்கு வருசம் மிச்சம் ஆகறது 1,100 ரூபா தான். ஏன்னா கடைசி 180 யூனிட் ஏற்கனவே மலிவு. 26 வருசம் ஆகும், பேனல் ஆயுசே அவ்வளவுதான்! ஆனா கார்பன் நோட்டுல அந்த ரெண்டாவது கிலோவாட்டும் முதலாவது மாதிரியே வருசம் ஒரு டன் குறைக்கும்.

இதுவே 800 யூனிட் ஓடற வீடுன்னா கதையே வேற. ரெண்டு மாச பில் 4,800 பக்கம். 3 கிலோவாட் போட்டா பில் சைபர் ஆகலாம், வருசம் 28,000 மிச்சம். 1,90,000-ல மானியம் போக 1,12,000 போட்டா நாலு வருசம். விலையெல்லாம் நான் கணக்குக்கு வச்சது, நீங்க மூணு இடத்துல கொட்டேஷன் வாங்கி உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. முடிவு பண்றது பேனல் விலை இல்ல, உங்க ஸ்லாப்.

இந்தக் கணக்கை ஒரு ஊரே போட்டுப் பார்த்திருக்கு, அதுவும் நம்ம மாவட்டத்துல. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி, 2006-ல உடுமலை மைவாடியில 350 கிலோவாட் காத்தாலை ஒண்ணு வாங்குச்சு. விலை 1.55 கோடி. ஊராட்சி சேர்த்து வச்ச பணம் 40 லட்சம், மீதி 1.15 கோடி பேங்க் லோன். வருசத்துக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் தயாராகும், ஊர் தேவை 4.5 லட்சம். மீதியை மின்வாரியத்துக்கு வித்து லோன் கட்டினாங்க. ஊராட்சித் தலைவரா இருந்தவர் சண்முகம்.

தோப்புக்கு கார்பன் காசு வருமா?

வந்து பேசறவங்க சொல்றது: "உங்க தென்னை மரம் கார்பனை உறிஞ்சுது, அதுக்குக் காசு." முதல் பாதி உண்மை. ஆனா நாப்பது வருசத் தோப்புல வருசா வருசம் வர்ற மட்டையும் பாளையும் விழுந்து மக்கிப் போகுது. புதுசா சேர்ந்து நிக்கறது அடிமரத்துல ஏறற கொஞ்சம் தான். கார்பன் சந்தை காசு கொடுக்கறது ஏற்கனவே இருக்கறதுக்கு இல்ல, "இந்தத் திட்டம் இல்லேன்னா நடந்திருக்காது"ன்னு நிரூபிக்கற கூடுதலுக்கு மட்டும். உங்க தாத்தா வச்ச மரம் அதுல வராது.

பக்கத்து வயநாட்டுல மீனங்காடி ஊராட்சி இதை ஒழுங்கா செஞ்சாங்க. 2016-ல ஆரம்பிச்சு முதல்ல அளந்தாங்க. வெளிய விடறது வருசத்துக்குச் சுமார் 33,000 டன், மரமும் மண்ணும் இழுக்கறது போக 11,000 டன் மிச்சம்னு வந்துச்சு. அதுக்கப்புறம் தான் மர வங்கி. புதுசா வச்ச மரத்தை அடமானமா வச்சு, மரத்துக்கு வருசம் 50 ரூபா வட்டியில்லாக் கடன். மரத்தை வெட்டினா திருப்பிக் கட்டணும். நிபந்தனை நேரா, எல்லாருக்கும் புரியற மாதிரி இருந்துச்சு.

உங்ககிட்ட யாராவது வந்தா இதைக் கேளுங்க: எந்தப் பதிவேட்டுல திட்டம் பதிவாயிருக்கு, பதிவு எண் என்ன? அளக்கற செலவு யாரோடது? விக்கற காசுல என் பங்கு எத்தனை சதவீதம்? எத்தனை வருசம் நிலத்தைக் கட்டிப் போடுது, நான் நிலத்தை வித்தா என்ன ஆகும்? நம்ம பகுதிக்குன்னே ஒரு கேள்வி இருக்கு: வாடல் நோய் வந்த மரத்தை வெட்டினா அபராதமா? நம்ம பக்கம் அந்த நோயால எத்தனை மரம் போச்சுன்னு தோப்பு வச்சிருக்கறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். இதுக்குப் பதில் எழுத்துல இல்லேன்னா கையெழுத்துப் போடாதீங்க. பதிவுக் கட்டணம்னு முன்பணம் கேட்டா வாசல்லயே அனுப்பிடுங்க.

பேராசைக்கும் ஒரு கணக்குப் போட்டுடலாம். ஏக்கருக்கு வருசம் 2 டன் கூடுதல், டன்னுக்கு 500 ரூபான்னு தாராளமா வச்சாலும் ஏக்கருக்கு 1,000 ரூபா, அதுல இடையில இருக்கறவங்க பங்கு போகணும். ஏக்கருக்கு 70 மரம். மரத்துக்குப் பதினாலு ரூபா. ஒரு தேங்காய் விலை என்னன்னு உங்களுக்கே தெரியும்.

நோட்டுல தொடங்கறவங்க அடுத்த ஈபி ரீடிங் எடுக்கற அன்னிக்கே தொடங்குங்க. யூனிட், சிலிண்டர் வந்த தேதி, பெட்ரோல் லிட்டர், தோப்பு இருந்தா மோட்டார் ஓடின மணி நேரம். நாலே காலம் தான். ஆறு ரீடிங் முடிஞ்சதும் கூட்டிப் பாருங்க. சோலார் மானியத்துக்கு விண்ணப்பிக்கறது எப்படிங்கறதைத் தனி வீடியோவா போடறோம்.